செவிலியர்: பால் கிண்ணத்திலிருந்து மருந்துச் சீட்டு வரை

ஆஸ்பத்திரி வார்டில் யாரும் 'செவிலியரே' என்று கூப்பிடுவதில்லை. 'சிஸ்டர்' என்போம்; ஊர்ப்பக்கம் 'நர்ஸம்மா'. எழுதும்போது மட்டும்தான் செவிலியர் வருகிறார். அதனால் இது நர்ஸுக்காகப் புதிதாகக் கட்டிய சொல் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் செவிலி, சங்கப் பாடல்களில் நடமாடுகிற ஆள்.

பெற்றவள் நற்றாய், எடுத்து வளர்த்தவள் செவிலித்தாய். நற்றிணையின் 110-ஆம் பாட்டில், தேன் கலந்த பாலைப் பொற்கிண்ணத்தில் ஒரு கையில் ஏந்திக்கொண்டு, இன்னொரு கையில் சிறு கோலை ஓங்கி, 'உண்' என்று மிரட்டியபடி செவிலித்தாய்மார் சிறுமியின் பின்னால் ஓடுகிறார்கள். அவள் சிலம்பு ஒலிக்கப் பாய்ந்து ஓட, நரைத்த கூந்தல்காரர்களான இவர்கள் நடை தளர்ந்து நின்றுவிடுகிறார்கள். 'செம்முது செவிலியர்' என்கிறது பாட்டு. இன்று நாம் எழுதும் அதே 'செவிலியர்'.

நர்ஸ் என்ற சொல்லும் பாலிலிருந்து பிறந்ததுதான். ஊட்டி வளர்ப்பதைக் குறிக்கும் லத்தீன் வினை ஒன்றிலிருந்து கிளைத்து, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது, பிறர் குழந்தைக்குப் பால் கொடுத்து வளர்ப்பவளையே அது குறித்தது. நோயாளியைக் கவனிப்பவர் என்ற பொருள் பின்னால் ஏறியது. இலங்கையிலும் சிங்கப்பூரிலும் வழங்கும் 'தாதி'க்கு மூலமான 'தாத்ரி' என்ற வடசொல்லுக்கும் பாலூட்டும் தாய் என்றே பொருள். ஆகவே நர்ஸுக்குச் செவிலி என்று பெயர் வைத்தவர்கள் வேர்வரை பொருந்துகிற சொல்லைத்தான் எடுத்திருக்கிறார்கள்.

ஆனால் இந்தத் தாய்மை வேரில் ஒரு சிக்கலும் இருக்கிறது. 'நர்ஸ் என்றால் அன்பானவர், பொறுமையானவர்' என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறோம். அவர் என்ன படித்திருக்கிறார், என்ன முடிவெடுக்கிறார் என்று கேட்பதில்லை.

இதற்குத் தமிழிலேயே ஒரு பதில் உண்டு. மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளில் (950) வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பிரிக்கிறார்: நோயுற்றவன், அதைத் தீர்ப்பவன், மருந்து, 'உழைச்செல்வான்'. உழை என்றால் பக்கம். நோயாளியின் பக்கத்திலேயே இருப்பவர்தான் உழைச்செல்வான். நர்ஸின் வேலையை இவ்வளவு துல்லியமாகச் சொல்லும் வேறு தமிழ்ச்சொல் எனக்குத் தெரியாது. செவிலி பெண்பால், இது ஆண்பால் என்பதையும் கவனிக்க வேண்டும். இது பெண்களுக்கு மட்டுமான வேலை என்ற எண்ணம் குறளில் இல்லை.

பரிமேலழகர் இந்த உழைச்செல்வானுக்கு நான்கு தகுதிகளை அடுக்குகிறார்: நோயாளியிடம் அன்பு, மனம் மொழி மெய் மூன்றிலும் தூய்மை, சொன்னதைச் சொன்னபடி செய்யும் வன்மை, அறிவுடைமை. நெடுங்காலம் நாம் முதல் மூன்றோடு நின்றுவிட்டோம். டாக்டர் சொல்வார், நர்ஸ் செய்வார் என்பதே ஏற்பாடு. கடந்த அறுபது ஆண்டுகளாக அந்த நான்காவது தகுதிதான் விரிந்துகொண்டே போகிறது.

1965-இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து 'நர்ஸ் பிராக்டிஷனர்' பயிற்சியைத் தொடங்கினார்கள். குழந்தையைப் பரிசோதித்து, நிலைமையைக் கணித்து, சிகிச்சையை முடிவு செய்யும் அளவுக்குச் செவிலியரைத் தயார் செய்வது நோக்கம். பிரிட்டனில் 2006 முதல், அதற்கெனத் தனித் தகுதி பெற்ற செவிலியர் தம் துறைக்கு உட்பட்டு ஏறக்குறைய எல்லா மருந்துகளையும் தாமே எழுதித் தரலாம். இந்தியாவிலும் தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் முதுநிலைப் படிப்பை இந்தியச் செவிலியர் கவுன்சில் கொண்டுவந்தது. 1947-இன் பழைய கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாக 2023-இல் தேசியச் செவிலியர், மகப்பேறு உதவியாளர் ஆணையச் சட்டமும் வந்துவிட்டது.

பெரிய பட்டம் இல்லாத இடத்திலும் இந்த அறிவு வேலை செய்கிறது. இரவு இரண்டு மணிக்கு ஒரு நோயாளியின் மூச்சு எண்ணிக்கை கூடுகிறது, ஆக்சிஜன் அளவு மெல்ல இறங்குகிறது, பேச்சு குழறுகிறது. முதலில் பார்ப்பவர் பக்கத்தில் இருப்பவர்தான். அது வெறும் களைப்பா, உடனே டாக்டரை எழுப்ப வேண்டிய நிலையா என்று கணிப்பதும் அவரே. ஊரில் கர்ப்பிணிக்கு ரத்த அழுத்தம் பார்த்து, 'இது வீட்டில் வைத்துப் பார்க்கிற கேஸ் இல்லை' என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிற கிராம சுகாதாரச் செவிலியர் செய்வதும் இதே கணிப்புதான். இதை உதவி வேலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சரி, 'நர்ஸ் பிராக்டிஷனர்' தமிழில் என்ன? 'செவிலியப் பயிற்சியாளர்' என்று எழுதினால் தவறாகிவிடும். பயிற்சியாளர் என்றதும் நமக்குப் பயிற்சி கொடுப்பவர், அதாவது கோச், நினைவுக்கு வருவார். சிலர் பயிற்சி பெறும் மாணவர் என்றும் எடுத்துக்கொள்வார்கள். இந்த ஆள் இரண்டுமே இல்லை. ஒரு துறையில் தேர்ந்து, அதில் தாமே முடிவெடுத்துச் சிகிச்சை தருபவர். 'துறைதேர் செவிலியர்' என்பது என் பரிந்துரை. தீவிர சிகிச்சை என்றால் 'தீவிர சிகிச்சைத் துறைதேர் செவிலியர்'. நீளமாக இருந்தாலும் படித்தவுடன் புரியும்.

நர்ஸ் என்ற ஆளுக்குச் செவிலியர் போதும். 'அர்' ஈறு இருப்பதால் ஆண், பெண் இருவருக்கும் பொருந்தும். படிப்புக்கும் துறைக்கும் 'செவிலியம்' என்று எழுதலாம். அப்புறம், 'செவிலிப் பெண்' என்று மட்டும் எழுத வேண்டாம்.