வேகாத உருளைக்கிழங்கும் கொதிநிலையும்

1835 மார்ச்சில் சார்லஸ் டார்வின் சிலியிலிருந்து ஆண்டிஸ் மலைத்தொடரைக் கடந்து மெண்டோசாவுக்குப் போய்க்கொண்டிருந்தார். மலையில் தங்கிய ஓர் இரவில், கூட வந்த இருவர் உருளைக்கிழங்கை வேகவைத்தார்கள். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. மணிக்கணக்கில் கொதித்தும் கிழங்கு கல்லாகவே கிடந்தது. பானையை இரவு முழுக்க அடுப்பிலேயே விட்டு, காலையில் மறுபடி கொதிக்க வைத்தார்கள். அப்போதும் வேகவில்லை. பானை புதுசு, கிழங்கை வேகவைக்க அதற்கு மனமில்லை என்று அவர்கள் பேசிக்கொண்டதை டார்வின் பதிவு செய்திருக்கிறார். அவருக்குக் காரணம் தெரிந்திருந்தது: அந்த உயரத்தில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுகிறது. கிழங்கு வேகத் தேவை சூடுதான், கொதிப்பு அல்ல.

தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் என்று பள்ளியில் படிக்கிறோம். அது கடல் மட்டத்துக் கணக்கு. திரவத்தின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கின்றன, மேலிருந்து எவ்வளவு அழுத்தம் விழுகிறது என்ற இரண்டும் சேர்ந்துதான் கொதிநிலையை முடிவு செய்கின்றன. இதில் இரண்டாவதை நாம் அதிகம் கண்டுகொள்வதில்லை.

பாத்திரத்தில் தண்ணீர் சூடாகும்போது முதலில் அடியில் ஒட்டியபடி சின்னச் சின்னக் குமிழ்கள் தெரியும். அவை நீராவி அல்ல, தண்ணீரில் கரைந்திருந்த காற்று வெளியேறுகிறது. நீராவிக் குமிழ்கள் அப்புறம்தான் வரும். அப்படி ஒரு குமிழ் திரவத்துக்குள் உருவாகி நிலைக்க வேண்டுமென்றால், அதனுள்ளே இருக்கும் ஆவி வெளிப்பக்கமாகத் தள்ளும் அழுத்தம், மேலே இருக்கும் காற்றின் அழுத்தத்துக்குச் சமமாக வேண்டும். குறைவாக இருந்தால் குமிழ் நசுங்கிவிடும். சூடு ஏற ஏற ஆவியழுத்தமும் ஏறும். இரண்டும் சமமாகிற வெப்பநிலைதான் கொதிநிலை.

மலை ஏறினால் காற்றழுத்தம் குறைகிறது. ஆவி அவ்வளவு தள்ள வேண்டியதில்லை. ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை இறங்கும். சென்னையில் 100 என்றால், 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் 93 டிகிரியை ஒட்டி, லடாக்கின் லேயில் சுமார் 88, எவரெஸ்ட் உச்சியில் சுமார் 70. அங்கே எவ்வளவு பெரிய தீ மூட்டினாலும் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் அதற்கு மேல் சூடாகாது.

தீயைக் கூட்டினால் சூடு கூடாதா? கொதிக்கத் தொடங்கும் வரைதான் கூடும். அதன் பிறகு நாம் கொடுக்கும் வெப்பம் முழுவதும் மூலக்கூறுகளைப் பிரித்து ஆவியாக்குவதற்கே செலவாகிறது. ஒரு கிலோ தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 290 கிலோஜூல் போதும். அதே தண்ணீரை முழுக்க ஆவியாக்க 2,260 கிலோஜூல் வேண்டும், ஏழு மடங்குக்கும் மேல். திறந்த பாத்திரத்தில் பருப்பு கொதி வந்த பிறகும் அடுப்பைப் பெரிதாக எரியவிட்டால், கேஸ் முழுக்க ஆவியாகப் போகிறது, பருப்பு ஒரு நிமிடம்கூட முன்னதாக வேகாது. மாதாமாதம் சிலிண்டர் வாங்கும் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

சூட்டை ஏற்ற வேண்டுமானால் அழுத்தத்தை ஏற்ற வேண்டும். 1679இல் பிரெஞ்சுக்காரரான டெனிஸ் பாப்பின் லண்டனில் செய்து காட்டிய இறுக மூடிய நீராவிப் பாத்திரம் அதைத்தான் செய்தது. எலும்பையே மென்மையாக வேகவைத்தது அது. நம் வீட்டு குக்கர் அதன் வாரிசு. வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் இன்னொரு மடங்கு அழுத்தம் உள்ளே சேரும் வரை வெயிட் தூக்காது. அப்போது உள்ளே 120 டிகிரி இருக்கும். ஆவி அடங்குவதற்குள் மூடியைத் திறக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வதற்கும் காரணம் இதுவே. உள்ளே 120 டிகிரியில் அமைதியாக இருக்கும் தண்ணீருக்கு, அழுத்தம் போன கணத்தில் கொதிநிலை 100 ஆகிவிடுகிறது. அத்தனையும் ஒரே நேரத்தில் பொங்கி முகத்தில் அடிக்கும்.

இதன் உச்சத்தைக் கடலின் அடியில் பார்க்கலாம். 1979இல் கிழக்குப் பசிபிக் கடலடியில், இரண்டரை கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், ஆல்வின் என்ற நீர்மூழ்கிக் கலம் கரும்புகை போல நீர் பீறிடும் வெந்நீர் ஊற்றுகளைக் கண்டது. அந்த நீரின் வெப்பநிலை 350 டிகிரிக்கும் மேல். ஆனாலும் அது கொதிக்கவில்லை. மேலே இருக்கும் கடலின் எடை அதைக் கொதிக்க விடவில்லை.

அழுத்தத்தைக் குறைப்பதும் பெரிய உபகாரம். சர்க்கரை ஆலையில் கரும்புச்சாற்றைத் திறந்த கொப்பரையில் சுண்டவைத்தால் சர்க்கரை கருகும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எட்வர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் மூடிய கலத்திலிருந்து காற்றை இழுத்துவிட்டு, பாகைத் தாழ்ந்த சூட்டிலேயே கொதிக்கவைக்கும் முறையைக் கொண்டுவந்தார். உலகம் முழுக்க வெள்ளைச் சர்க்கரை இன்றும் அப்படித்தான் படிகமாகிறது. மணலி போன்ற சுத்திகரிப்பு ஆலைகளிலும் இதே உத்திதான். கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் ஆகியவை அவற்றின் கொதிநிலை வரிசைப்படி பிரிந்த பிறகு, அடியில் தங்கும் கனமான எண்ணெயை மேலும் சூடாக்கினால் மூலக்கூறுகளே உடைந்துவிடும். அதனால் அதை வெற்றிடத்தில் கொதிக்கவைக்கிறார்கள்.

சரி, அழுத்தம் ஒன்றாகவே இருக்கும்போது பொருளுக்குப் பொருள் இவ்வளவு வேறுபாடு ஏன்? ஹீலியம் கழித்தல் 269 டிகிரியில் கொதிக்கிறது, பாதரசம் 357இல், இரும்பு 2,862இல். ஹீலியம் அணுக்களுக்கு ஒன்றோடொன்று ஒட்டும் ஆசையே கிடையாது; அதைத் திரவமாக்க 1908 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நெதர்லாந்தின் லைடனில் கமர்லிங் ஓனஸ் என்ற இயற்பியலாளர் அதைச் சாதித்தார். மூலக்கூறு பெரிதாக ஆக பொதுவாக ஈர்ப்பு கூடும். சமையல் எண்ணெயின் மூலக்கூறுகள் அவ்வளவு பெரியவை; கொதிக்கும் முன்பே சிதைந்து புகைந்துவிடும். வடை போட்டதும் எண்ணெயில் பொங்குவது மாவிலிருக்கும் தண்ணீர்தான்.

அளவு மட்டுமல்ல, வடிவமும் முக்கியம். ஐந்து கார்பனும் பன்னிரண்டு ஹைட்ரஜனும் கொண்ட பென்டேன் மூன்று வடிவங்களில் உண்டு. நீளமானது 36 டிகிரியில் கொதிக்கும், ஒரு கிளை உள்ளது 28இல், உருண்டையாக இருப்பது 9.5இல். நீளமானவை பக்கவாட்டில் நன்றாக ஒட்டிக்கொள்ளும். உருண்டைகளுக்குத் தொடும் இடம் குறைவு.

மூலக்கூறு பெரிதானால் ஈர்ப்பு கூடும் என்ற வரிசைக்குத் தண்ணீர் அடங்காதது. ஆக்சிஜனின் இடத்தில் கந்தகம் கொண்ட அதன் உறவுக்காரரான ஹைட்ரஜன் சல்பைடு தண்ணீரைவிடக் கனமானது, ஆனால் கழித்தல் 60 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அந்தக் குடும்பத்தின் போக்கைப் பார்த்தால் தண்ணீர் கழித்தல் 80 வாக்கில் கொதித்திருக்க வேண்டும். ஒரு நீர் மூலக்கூறின் ஹைட்ரஜன் பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும் ஹைட்ரஜன் பிணைப்பு அதை 100 வரை தூக்கி நிறுத்துகிறது. அந்தப் பிணைப்பு இல்லாவிட்டால் பூமியில் கடலும் இல்லை, நாமும் இல்லை. வேதியியலில் எனக்கு இதைவிடப் பெரிய வியப்பு எதுவும் கிடையாது.

சமையல் கேஸ் சிலிண்டருக்குள் நடப்பதும் கொதித்தல்தான். கழித்தல் 42இல் கொதிக்கும் புரோப்பேனும், சுழியத்தை ஒட்டிக் கொதிக்கும் பியூட்டேனும் அழுத்தத்தால் மட்டுமே திரவமாக அடைபட்டிருக்கின்றன. அடுப்பைத் திறந்ததும் அழுத்தம் குறைந்து கொதிக்கின்றன, அதற்கான வெப்பத்தைச் சிலிண்டரிலிருந்தே எடுக்கின்றன. கல்யாண வீட்டுச் சமையலில் நீண்ட நேரம் எரியும் பெரிய சிலிண்டரின் அடிப்பகுதி சில்லென்று வியர்ப்பதும், சில சமயம் பனி படிவதும் அதனால்தான்.

கரைந்திருக்கும் பொருளும் கொதிநிலையை ஏற்றும். ஆனால் உப்பு போட்டால் சீக்கிரம் வேகும் என்பது சரியில்லை. ஒரு லிட்டர் தண்ணீரில் 58 கிராம் உப்பு, அதாவது வாயில் வைக்க முடியாத அளவு, போட்டால்தான் ஒரு டிகிரி ஏறும். பாகு விஷயம் வேறு. அங்கே தண்ணீர் போகப் போகச் சர்க்கரையின் செறிவு பல மடங்காகிறது, கொதிநிலையும் கூடவே ஏறுகிறது. ஒற்றைக் கம்பிப் பதம் 105 டிகிரியை ஒட்டி வரும். தண்ணீரில் விட்டால் உருட்ட வருகிற பதம் 112 முதல் 116 வரை. பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி வார்ப்பவர்கள் கொப்பரையில் குமிழ் உடையும் விதத்தைப் பார்த்தே இறக்கும் நேரத்தைச் சொல்கிறார்கள். கொதிநிலையைத்தான் அவர்கள் கண்ணால் அளக்கிறார்கள்.

இப்போது பலர் பாகுக்கு வெப்பமானி வைக்கிறார்கள், நல்லதுதான். ஆனால் அந்த எண்கள் கடல் மட்டத்துக்கானவை. ஊட்டியில் வெறும் தண்ணீரே ஏழு டிகிரி முன்னதாகக் கொதிப்பதால், பாகின் ஒவ்வொரு பதமும் ஏறக்குறைய அதே ஏழு டிகிரி கீழே வந்துவிடும். சென்னைக் குறிப்பைப் பார்த்து 114 வரும் வரை காத்திருந்தால் பாகு முறுகிவிடும். எண்ணில் ஏழைக் கழித்துக்கொள்ளலாம், அல்லது ஒரு கிண்ணம் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்க்கலாம். அந்தச் சோதனை எந்த உயரத்திலும் செல்லும்.