வெர்மிஃபார்ம்: புழுவுரு

உயிரியல், மருத்துவ நூல்களுக்கு வெளியே அதிகம் தலைகாட்டாத ஆங்கில அடைச்சொல் வெர்மிஃபார்ம். இலத்தீனில் ‘வெர்மிஸ்’ என்றால் புழு, ‘ஃபோர்மா’ என்றால் உருவம். புழுவின் உருவம் கொண்டது என்பதே பொருள். வெர்மிலியன் என்ற செந்நிறப் பெயரும் இதே வேரில் முளைத்ததுதான். சிவப்புச் சாயம் தந்த சிறு பூச்சியை அன்று ‘குட்டிப் புழு’ என்றே அழைத்தார்கள்.

இந்த அடைச்சொல் உருவத்தை மட்டும்தான் சொல்கிறது. நீண்டு, மெலிந்து, உருண்டு இருந்தால் போதும்; அது புழுவாக இருக்க வேண்டியதில்லை. மண்ணுக்குள் வாழும் சிசிலியன் முதுகெலும்பும் தாடையும் உள்ள விலங்கு, தவளைக்கு உறவு. கால்கள் இல்லாததால் அதன் உடல் வெர்மிஃபார்ம். பெருங்குடலின் தொடக்கத்தில் ஒட்டியிருக்கும், சுமார் 9 செ.மீ. நீளமுள்ள உறுப்பின் முழுப்பெயர் வெர்மிஃபார்ம் அப்பெண்டிக்ஸ். நாம் அதைக் குடல்வால் என்கிறோம். எனக்கு மிகவும் பிடித்த கலைச்சொல் இது. இலத்தீன் கண்ட புழுவை விட்டுவிட்டு, தமிழ் வாலைக் கண்டது.

மற்ற இடங்களுக்கு என்ன சொல்வது? ‘புழுத்த’ என்று எழுதிவிடக் கூடாது. புழுத்த அரிசி என்றால் புழு வைத்த அரிசி. உருவத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ‘என்பிலதனை வெயில்போலக் காயுமே’ என்ற குறளில் வரும் ‘என்பிலது’, அதாவது எலும்பில்லாதது, அழகான சொல். அதற்குப் புழு என்றே பொருள் கொள்கிறார்கள். ஆனால் எலும்புள்ள சிசிலியனை அதில் அடக்க முடியாது. ‘புழு போன்ற’ தவறில்லை, எனினும் எதில் போன்றது, உருவிலா அசைவிலா என்று சொல்லாமல் விடுகிறது.

அதனால் நான் ‘புழுவுரு’ என்பதையே பரிந்துரைப்பேன். புழுவுரு உடல், புழுவுரு உறுப்பு என்று பெயர்ச்சொல்லோடு இயல்பாகச் சேரும். ‘புழுவடிவ’ என்பதும் சரியே. வெர்மிகுலர் என்ற உறவுச்சொல் அசைவையும் குறிக்கும். குடல் சுருங்கி விரிந்து உணவை நகர்த்துவதை அப்படிச் சொல்வதுண்டு. அந்த இடத்தில் ‘புழுநெளிவு’ பொருந்தும். இரண்டையும் ஒரே சொல்லால் மொழிபெயர்த்தால், படிப்பவர் அசையாத உறுப்பையும் நெளிவதாக எண்ணிக்கொள்வார்.