பளபளன்னு இருந்தா விலை கம்மி: பழைய பாக்கெட் ரிவால்வரோட மேல்தோலை எப்படிப் படிக்கிறாங்க?

கோல்ட் கம்பெனியோட 1849 பாக்கெட் மாடல் ரிவால்வர் ரெண்டு பக்கத்துல பக்கத்துல இருக்குன்னு வைங்க. ஒண்ணு கருநீலமா, நேத்துதான் கடையில வாங்கின கணக்கா மின்னுது, இன்னொண்ணு அங்கங்க பழுப்பேறி, விளிம்புல நீலம் தேஞ்சு வெறும் இரும்பு தெரியுது. விஷயம் தெரியாதவங்க யோசிக்காம முதல் பீஸை எடுப்போம், ஆனா அமெரிக்காவுல இதைச் சேர்க்கிற ஆளுங்களோட கை ரெண்டாவதுக்குத்தான் போகும், விலையும் அதுக்குத்தான் கூட. 150 வருஷமா பெட்டிக்குள்ளயே கிடந்து ஒரிஜினல் நீலம் அப்படியே நிக்கிற பீஸ் கிடைச்சா அதுக்குத்தான் உச்ச விலை, ஆனா அதெல்லாம் குதிரைக்கொம்பு. நம்ம முதல் பீஸ் யாரோ பாலிஷ் போட்டு திரும்ப நீலம் ஏத்தினது.

இந்த மாடலை 1850ல இருந்து 1873 வரைக்கும் செஞ்சாங்க, 3 லட்சத்துக்கு மேல. .31 காலிபர், அதாவது குண்டு விட்டம் சுமாரா 8 மில்லிமீட்டர், பெரும்பாலும் 5 ரவுண்டு. கலிஃபோர்னியாவுக்கு தங்கம் தேடிப் போனவங்கள்ல இருந்து உள்நாட்டுப் போருக்கு சொந்தக் காசுல வாங்கிட்டுப் போன சிப்பாய் வரைக்கும் கோட்டுப் பையில வச்சிருந்தாங்க. இவ்ளோ எண்ணிக்கை இருக்கிறப்போ "அரிய பொருள்"னு விலை ஏத்த முடியாது, அதனால கண்டிஷன்தான் எல்லாமே, கண்டிஷன்னா முக்கியமா மேல்தோல்.

அந்த நீலம் பெயின்ட் கிடையாது. நல்லா பாலிஷ் பண்ணின பேரலையும் (குண்டு வெளியே போற குழாய்) சிலிண்டரையும் (குண்டும் மருந்தும் அடைக்கிற, சுத்துற உருளை) கரியோட சேர்த்து உலையில சூடு பண்ணுவாங்க, இரும்போட மேற்பரப்பு ஆக்சிஜனோட சேர்ந்து மேக்னடைட்னு ஒரு ஆக்சைடா மாறும். சரியா சொன்னா அதுவும் ஒரு வகைத் துருதான், ஆனா நெருக்கமா ஒட்டி உக்காந்துக்கிற துரு, நம்ம ஜன்னல் கம்பியில வர்ற சிவப்புத் துரு மாதிரி பொறபொறன்னு உதிர்ந்து ஈரத்தை உள்ள விடாது. படலம் ரொம்ப மெல்லிசு. உறையில போட்டு எடுக்கிறப்போ பேரல் நுனியும் சிலிண்டர் விளிம்பும் உரசி முதல்ல அங்கதான் போகும், கை படாத இடுக்குல கடைசி வரைக்கும் நிக்கும். நீலம் போன இடத்துல வேர்வை, காத்து, எண்ணெய் எல்லாம் சேர்ந்து பல வருஷமா மெதுவா ஒரு வழவழப்பான பழுப்பு படியும். அதனால தேய்மானத்துக்கு ஒரு லாஜிக் இருக்கும். பேரல் நுனி நீலமா இருந்து உள் இடுக்கு மட்டும் வெளுத்திருந்தா சம்திங் ராங்.

திரும்ப நீலம் ஏத்தினதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? 20ஆம் நூற்றாண்டுல வந்த முறையில காஸ்டிக் சோடாவும் நைட்ரேட்டும் கலந்த உப்புத் தண்ணியை சுமார் 140 டிகிரிக்கு கொதிக்க வச்சு அதுல முக்குவாங்க, அதுல வர்ற நிறம் எல்லா இடத்துலயும் ஒரே கருப்பா இருக்கும், பழைய கரி நீலத்தோட அந்த ஆழம் வராது. இன்னொண்ணு சூடு பண்ணாமலே போடுற, பாட்டில்ல விக்கிற கோல்ட் (cold) புளூ, செலினியமும் தாமிரமும் கலந்த திரவம், துணியில தொட்டுத் தேய்ச்சா போதும். அதோட வாசனை சீக்கிரம் போகாது, அதனால அனுபவசாலிங்க துப்பாக்கியை மூக்குக்குப் பக்கத்துல கொண்டு போறதைப் பார்த்தா சிரிக்காதீங்க.

எனக்குப் பிடிச்சது ஃபிரேம்தான், அதாவது பேரல், சிலிண்டர், பிடி எல்லாம் பூட்டியிருக்கிற நடு உடம்பு. அதுவும், சுடுறப்போ அடிக்கிற சுத்தியலும் நீலமா இருக்காது, சாம்பல், நீலம், வைக்கோல் மஞ்சள், ஊதான்னு கலந்து மேகம் மேகமா இருக்கும். எலும்புக்கரி, மரக்கரியோட சேர்த்து இரும்புப் பெட்டியில அடைச்சு செக்கச்செவேல்னு காயவச்சா கார்பன் மேல்தோலுக்குள்ள கொஞ்சம் இறங்கும், அப்படியே டக்குன்னு தண்ணியில கொட்டினா வெளியே கெட்டியாவும் உள்ள அதிர்ச்சி தாங்குற மாதிரி மெதுவாவும் ஆயிடும். வேலைக்காகப் பண்ணினது அந்தக் கெட்டித்தன்மைக்குத்தான், நிறம் போனஸ். தண்ணி படுற வேகம் இடத்துக்கு இடம் மாறுறதால ஆக்சைடு படலத்தோட தடிமனும் மாறும், படலத்தோட மேல்பக்கமும் அடிப்பக்கமும் திருப்பி அனுப்புற ஒளி ஒண்ணோட ஒண்ணு மோதி சில நிறம் கூடும், சில நிறம் அடங்கும், மழை நாள்ல ரோட்டுல சிந்தின பெட்ரோல்ல தெரியுற அதே விஷயம். சாயம்னு எதுவுமே அங்க இல்ல. இது நீலத்தை விட சீக்கிரம் தேஞ்சு வெறும் சாம்பலா ஆயிடும், ஆனா மரப்பிடியைக் கழட்டினா அதுக்கு அடியில மிச்சம் இருக்கும். வெளியே அமர்க்களமான நிறம், பிடிக்கு அடியில ஒண்ணுமே இல்லன்னா யாரோ வேலை காட்டியிருக்காங்க. கேஸ் டார்ச் தீயால சுட்டு நிறம் வரவச்சிருந்தா மேகமா வராது, பட்டை பட்டையா வரும்.

அடுத்தது சிலிண்டர். லென்ஸ் வச்சுப் பாருங்க, கோச் வண்டியை வழிமறிக்கிற ஒரு சண்டைக் காட்சி சுத்தி ஓடும், குதிரைங்க, துப்பாக்கி நீட்டுற ஆளுங்க எல்லாம். நியூயார்க்குல கரன்சி நோட்டு செதுக்கிட்டிருந்த வாட்டர்மேன் ஆர்ம்ஸ்பியோட வேலை. ஒவ்வொண்ணா கையால செதுக்கல, கெட்டியான எஃகு அச்சுல செதுக்கி, அதை சிலிண்டர் மேல அழுத்தி உருட்டினாங்க. கோடுங்க முடி அளவு ஆழம்தான், அதனால ஒரு தடவை பஃபிங் சக்கரத்துல காட்டினாலே குதிரைக்குக் கால் போயிடும். பஃபிங் பண்ணினா இன்னும் ரெண்டு அடையாளம் விட்டுட்டுப் போகும், கூர்மையா இருக்கவேண்டிய விளிம்பு மழுங்கும், ஸ்க்ரூ ஓட்டையைச் சுத்தி கிண்ணம் மாதிரி பள்ளமாகும். மேல எவ்ளோ அழகா நீலம் ஏத்தினாலும் இதை மறைக்க வழியே இல்ல, போன இரும்பு போனதுதான்.

இந்த ரிவால்வர்ல மருந்தைப் பத்தவைக்கிறது கேப், அதாவது சுத்தியல் அடிச்சதும் வெடிக்கிற ஒரு சின்ன மூடி. சிலிண்டர் பின்னாடி அதை மாட்டுற நிப்பிள்ங்கிற சின்ன முனையைச் சுத்தி குழி குழியா அரிச்சிருந்தா பயப்பட வேணாம். அந்தக் காலத்துக் கேப்புல பாதரச ஃபல்மினேட்டோட பொட்டாசியம் குளோரேட் சேர்க்கிறது உண்டு, வெடிச்சதும் அது பொட்டாசியம் குளோரைடா மாறும், கிட்டத்தட்ட சமையல் உப்போட குணம், காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். கருமருந்துச் சாம்பலும் ஈரம் இழுக்கும். சுட்டுட்டு அன்னைக்கே வெந்நீர்ல கழுவாதவன் துப்பாக்கியில இது இருக்கத்தான் செய்யும்.

பின்னாடியும் திறந்த, நேரா தோட்டா போடுற சிலிண்டருக்கு ரோலின் ஒயிட் 1855ல வாங்கின பேட்டன்ட் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கையில இருந்துச்சு, 1869ல அது முடிஞ்சதும் சின்னச் சின்ன கம்பெனி எல்லாம் மலிவான பாக்கெட் ரிவால்வரா அடிச்சுத் தள்ள ஆரம்பிச்சாங்க, நிறைய நிக்கல் முலாம் போட்டது. இங்க பார்க்கவேண்டியது நிறத்தோட சூடு. நிக்கல்ல லேசா மஞ்சள் ஓடும், குரோமியம் குளிர்ச்சியா நீல வெள்ளையா இருக்கும், குரோம் முலாம் கடைக்கு வந்ததே 1920கள்லதான். 1875ல செஞ்சதுன்னு சொல்ற ரிவால்வர்ல குரோம் இருந்தா பேச்சுக்கே இடமில்ல.

கடைசியா முழு டூப்ளிகேட். இத்தாலியில இதே மாடலை சட்டப்படி ரெப்ளிகாவா செஞ்சு விக்கிறாங்க, அதுல தப்பே இல்ல, ஆனா அதை வாங்கி துப்பாக்கியைச் சோதிச்சதுக்கு அடையாளமா குத்துற இத்தாலிய முத்திரையை அரத்தால ராவிட்டு, ஆசிட்ல பழுப்பாக்கி "தாத்தா காலத்துது"ன்னு தள்ளிவிடுற ஆளுங்க இருக்காங்க. ஆசிட் பழுப்பு இடுக்கு, மேடுன்னு பார்க்காம எல்லா இடத்துலயும் சமமா உக்காரும், முத்திரை ராவின இடம் சாய்ச்சுப் பார்த்தா லேசா குழிஞ்சிருக்கும். அதுக்கும் சந்தேகம் தீரலைன்னா ஒரு ஸ்க்ரூவைக் கழட்டி மரை அளந்து பாருங்க, மெட்ரிக்ல வந்தா அது கோல்ட் கம்பெனி ஃபேக்டரி இருந்த ஹார்ட்ஃபோர்டுல பொறந்தது இல்ல.