ஒற்றைப்படிகம், பல்படிகம்: மோனோ, பாலி பேனல்களின் தமிழ்ப் பெயர்

மாடியிலோ கிணற்றடியிலோ சோலார் போட விலை கேட்டால், ஈரோடானாலும் பல்லடமானாலும் கடைக்காரர் முதலில் கேட்பது, "மோனோவாங்க, பாலியாங்க?" முழுப்பெயர் மோனோகிரிஸ்டலின், பாலிகிரிஸ்டலின். கிரேக்கத்தில் மோனோஸ் ஒன்று, பாலி பல. கிரிஸ்டல் வந்தது பனிக்கட்டியைக் குறிக்கும் 'கிருஸ்டலோஸ்' என்ற சொல்லிலிருந்து. பனி இறுகிக் கல்லானதே படிகம் என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள்.

நம்முடைய 'படிகம்' வடமொழி ஸ்படிகத்தின் தமிழ் வடிவம். சொல் வெளியிலிருந்து வந்தாலும் கல் கொங்குக்குப் பழையது. சென்னிமலைக்குப் பக்கத்துக் கொடுமணலில் படிக மணிகளும் அவற்றைச் செய்த தடயங்களும் அகழாய்வில் கிடைத்தன. காட்டில் கிடக்கும் வெங்கச்சங்கல்லும் அந்த இனம்தான். பேனலின் மூலப்பொருளான சிலிக்கானையும் இந்த வகைக் கல்லைக் கரியோடு உலையிலிட்டே பிரிக்கிறார்கள்.

சரி, மோனோ என்பது ஒற்றைப்படிகம். சுமார் 1,414 டிகிரியில் உருகிய சிலிக்கானில் சிறு விதைப்படிகத்தைத் தொட்டு, சுழற்றியபடி மெல்ல மேலே இழுப்பார்கள்; உருளை முழுவதும் ஒரே படிகமாக வளரும். போலந்துக்காரர் சொக்ரால்ஸ்கி 1916-இல் கண்ட முறை இது. பாலி பல்படிகம். உருகியதை அச்சில் ஊற்றி ஆறவிட்டால் எத்தனையோ படிகங்கள் ஒட்டி இறுகும். நீலத்தில் தெரியும் திட்டுகள் அவைதான். அவற்றின் எல்லைகளில் மின்சாரம் கொஞ்சம் வீணாகிறது.

இதை வைத்து, 1 கிலோவாட் மோனோ 1 கிலோவாட் பாலியைவிட நிறையத் தரும் என்று பலர் நம்புகிறார்கள். கிலோவாட் என்பதே பேனல் தரும் மின்சாரத்தின் அளவு; அதனால் இரண்டும் தருவது ஏறக்குறைய ஒன்றே. பிடிக்கும் இடம்தான் மாறும்: வெயிலில் 20 சதவீதத்தை மின்சாரமாக்கும் திறனுள்ள ஒற்றைப்படிகத்துக்கு 5 சதுர மீட்டர், 16 சதவீதப் பல்படிகத்துக்கு 6.25. திருப்பூர் வீட்டு மாடியில் அது பெரிய வித்தியாசம். பொள்ளாச்சித் தோட்டத்தில் தென்னை நிழல் விழாத இடம் பார்ப்பதே முக்கியம். ஒரு மட்டையின் நிழல்கூட உற்பத்தியை நன்றாகக் குறைத்துவிடும்.

இவை போக மூன்றாவது வகையும் உண்டு: கண்ணாடியில் மெல்லிய பூச்சாகப் படிய வைக்கும் மென்படலத் தகடு. வீடுகளில் அரிது.

பேனலுக்குப் பலகை என்றும் எழுதுகிறார்கள். எனக்குத் தகடே சரி. 'சோலார் தகடு' ஏற்கெனவே மக்கள் பேச்சில் இருக்கிறது. பல்படிகத் தயாரிப்பு உலகெங்கும் அருகிவிட்டது. அதனால் யாராவது பாலியை மலிவாகக் கொடுத்தால் பழைய சரக்காக இருக்கலாம்; பின்பக்க ஸ்டிக்கரில் தயாரித்த ஆண்டைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.