டி.பி. வந்தவருக்கு மாதம் ஆயிரம் ரூபாய்: யாருக்கு, எப்போது, எதற்கு

காசநோய்க்கு அரசு மாத்திரை இலவசம் என்பது எல்லாருக்கும் தெரியும். மாத்திரையோடு சாப்பாட்டுக்கும் பணம் வருகிறது என்பது பாதிப் பேருக்குத் தெரியாது, தெரிந்தவர்களிலும் பலர் அதைக் கருணைத் தொகை மாதிரி நினைத்துக்கொண்டு வந்தால் வரட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். அது கருணை இல்லை, சிகிச்சையின் ஒரு பகுதி. டி.பி. பிரிவில் பெயர் பதிவான அன்றே அந்தப் பணத்துக்கு உங்களுக்கு உரிமை வந்துவிடுகிறது.

திட்டத்தின் பெயர் நிக்‌ஷய் போஷண் யோஜனா. 2018 ஏப்ரலில் மாதம் 500 ரூபாய் என்று மத்திய அரசு ஆரம்பித்தது. 2024 நவம்பர் 1 முதல் அது 1,000 ஆனது. பணம் கையில் கிடையாது, நேராக வங்கிக் கணக்கில்தான் ஏறும்.

யாருக்கு? டி.பி. என்று உறுதியாகி, நிக்‌ஷய் என்ற அரசு இணையப் பதிவில் பெயர் ஏறிய எல்லாருக்கும். வருமானச் சான்று வேண்டாம், எந்த ரேஷன் கார்டு என்ற கேள்வி இல்லை, சாதிச் சான்றிதழ் இல்லை. நுரையீரல் டி.பி.க்கு மட்டும்தான் என்று சிலர் சொல்வார்கள், நம்பாதீர்கள். கழுத்தில் கட்டி, முதுகுத்தண்டு, வயிறு, மூளைச் சவ்வு, எங்கே வந்தாலும் டி.பி. டி.பி.தான். குழந்தைக்கு வந்தாலும் உண்டு. முன்பு ஒருமுறை வந்து குணமாகி, திரும்ப வந்து புதிதாகச் சிகிச்சை ஆரம்பித்தாலும் உண்டு. ஆனால் டி.பி. வராமல் இருக்க வீட்டிலுள்ள மற்றவர்களுக்குத் தடுப்பு மாத்திரை கொடுப்பார்கள் இல்லையா, அவர்களுக்கு இந்தப் பணம் கிடையாது.

தனியார் மருத்துவரிடம் பார்ப்பவர்கள்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். அவர்களுக்கும் உண்டு, அதே ஆயிரம்தான். தனியார் மருத்துவர் தன்னிடம் வரும் ஒவ்வொரு டி.பி. நோயாளியையும் அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும், 2012 முதல் அது கட்டாயம். அதனால் “டாக்டர், என் நிக்‌ஷய் நம்பர் என்ன?” என்று கூச்சப்படாமல் கேளுங்கள். அவர் பதிவு செய்யவில்லை என்றால் பணமும் வராது, வீட்டில் உள்ளவர்களுக்கான பரிசோதனையும் நடக்காது.

பணம் மாதாமாதம் ஆயிரம் ஆயிரமாக வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். வழக்கமான ஆறு மாதச் சிகிச்சைக்கு மொத்தம் 6,000. அதில் 3,000 ஆரம்பத்திலேயே முன்பணமாகவும், மீதி 3,000 சிகிச்சையில் 84 நாள் முடிந்ததும் தரவேண்டும் என்பது இப்போதைய விதி. மருந்துக்கு எதிர்ப்பு உள்ள டி.பி.யாக இருந்து சிகிச்சை ஆறு மாதத்தைத் தாண்டினால், தாண்டும் ஒவ்வொரு மாதத்துக்கும் ஆயிரம் சேரும்.

முன்பணம் ஏன் என்று யோசித்தால் திட்டத்தின் கருவே புரிந்துவிடும். டி.பி.யில் முதல் இரண்டு மாதம்தான் உயிருக்குப் போராட்டமான காலம். ஜார்க்கண்டில் 4 மாவட்டங்களில் 2019-ல் ஆரம்பித்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது, ரேஷன்ஸ் என்று பெயர். மங்களூரு ஏனெபோயா மருத்துவக் கல்லூரியின் அனுராக் பார்கவாவும் மாதவி பார்கவாவும் முன்னின்று நடத்தினார்கள், சென்னையில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்துகொண்டது. 2,800 நோயாளிகளுக்கு மாதம் 10 கிலோ உணவுப்பொருளும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். ஆரம்பத்தில் அவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் எடை குறைந்தவர்கள். முதல் இரண்டு மாதத்தில் யாருக்கு உடம்பு எடை 5 சதவீதம் ஏறியதோ, அவர்களிடம் இறப்பு அபாயம் சுமார் 60 சதவீதம் குறைவாக இருந்தது. 40 கிலோ ஆளுக்கு 5 சதவீதம் என்பது வெறும் 2 கிலோ, அவ்வளவுதான்.

அதே ஆய்வில் இன்னொன்றும் பார்த்தார்கள். நோயாளியின் வீட்டில் இருந்த 10,345 பேரில் ஒரு பிரிவினருக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரை கிலோ பருப்பும் கொடுத்தார்கள். கொடுத்த வீடுகளில் புதிதாக டி.பி. வருவது 39 சதவீதம் குறைந்தது. ஊசி இல்லை, டி.பி. மருந்து இல்லை, அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும்தான். முடிவுகள் 2023-ல் வெளிவந்தன.

இதில் ஒரு பழைய கதையும் இருக்கிறது. 1950-களில் இதே சென்னையில், இன்றைக்கு அந்த ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கும் மையத்தில், டி.பி. நோயாளிகளில் ஒரு பாதியை சானடோரியத்தில், அதாவது டி.பி.க்கென்றே இருந்த மருத்துவமனையில், வைத்தும் மறு பாதியை வீட்டில் வைத்தும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் சாப்பாடு மோசம், ஓய்வும் குறைவு, ஆனாலும் கிட்டத்தட்ட சமமாகவே குணமானார்கள். 1959-ல் வந்த அந்த முடிவு உலகம் முழுக்க டி.பி. வைத்தியத்தையே மாற்றியது, படுக்கைக்குக் காத்திருக்காமல் ஏழைகள் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட வழி பிறந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் “மருந்து போதும், சாப்பாடு பெரிய விஷயமில்லை” என்ற எண்ணமும் கூடவே ஒட்டிக்கொண்டது, அதைக் கழற்ற அறுபது வருடம் ஆகியிருக்கிறது. கிருமியைக் கொல்வது மருந்துதான், அதில் சந்தேகமே வேண்டாம், முட்டை சாப்பிட்டு டி.பி. போகாது. கரைந்துபோன சதையைத் திரும்பக் கட்டுவதும், மருந்தைத் தாங்கும் தெம்பைத் தருவதும் சாப்பாடு.

சரி, பணம் எங்கே சிக்கிக்கொள்கிறது என்று பார்ப்போம், ஏனென்றால் புகார் முழுக்க அங்கேதான். காகிதத்தில் முன்பணம், நடப்பில் மூன்றாம் மாதம் வந்தது, நான்காம் மாதம் வந்தது என்பார்கள். சில தாமதம் மேலிருந்து நிதி வராததால், அதற்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் நிறையத் தாமதம் வங்கிக் கணக்கால் வருவது. எப்போதோ திறந்த ஜீரோ பேலன்ஸ் கணக்கு இரண்டு வருடம் தொடாமல் தூங்கிப்போயிருக்கும். கே.ஒய்.சி. புதுப்பித்திருக்க மாட்டார்கள். பாஸ்புக்கில் “முருகேசன் க”, ஆதாரில் “க முருகேசன்”, பதிவில் வெறும் “முருகேசன்”. கிராம வங்கி வேறொரு வங்கியோடு இணைந்ததில் ஐ.எஃப்.எஸ்.சி. மாறியிருக்கும். ஆதாரை இரண்டு மூன்று கணக்கில் இணைத்துவிட்டு எதில் பணம் விழுந்தது என்றே தெரியாமல் இருப்பவர்களும் உண்டு, எல்லாப் பாஸ்புக்கிலும் என்ட்ரி போட்டுப் பார்த்தால் காஸ் மானியம் வரும் கணக்கில் போய் உட்கார்ந்திருக்கும்.

அதனால் மாத்திரை ஆரம்பித்த வாரமே வீட்டில் யாராவது ஒருவர் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போய், கணக்கு உயிரோடு இருக்கிறதா, ஆதார் இணைந்திருக்கிறதா என்று கேட்டுவிடுவது நல்லது. கணக்கே இல்லையென்றால் தபால்காரரிடம் சொன்னால் போதும், அஞ்சலக வங்கிக் கணக்கை வீட்டுக்கே வந்து கைரேகை வைத்துத் திறந்து தருவார். நோயாளிக்குச் சொந்தக் கணக்கு வாய்க்கவில்லை என்றால் அவர் சம்மதத்தோடு நெருங்கிய ரத்த உறவின் கணக்கைக் கொடுக்கலாம், குழந்தை என்றால் அப்பா அம்மா கணக்கு. மினிமம் பேலன்ஸ் அபராதம் பிடிக்கும் கணக்கை மட்டும் கொடுக்காதீர்கள், வந்த மூவாயிரத்தில் வங்கி முதலில் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். ஆதார் இல்லை, கணக்கு இல்லை என்பதற்காக மாத்திரையை யாரும் நிறுத்த முடியாது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

கணக்கு விவரத்தை யாரிடம் கொடுப்பது? ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஜி.எச்.சிலோ டி.பி. பிரிவில் இருக்கும் சிகிச்சை மேற்பார்வையாளரிடம். எஸ்.டி.எஸ். என்றால் அங்கே யாருக்கும் தெரியும். அவரிடம் நிக்‌ஷய் நம்பரை வாங்கி சிகிச்சை அட்டையின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். “சார், என் பேங்க் டீடெயில்ஸ் சரியா ஏறிடுச்சா, பேமென்ட் ரிஜெக்ட் ஆகியிருக்கா?” என்று கேட்டால் அவர் திரையிலேயே பார்த்துச் சொல்ல முடியும். பெரும்பாலும் சொல்லவும் செய்வார்கள், ஒரு எஸ்.டி.எஸ். பைக்கில் எத்தனை ஊர் சுற்றுகிறார் என்று பார்த்தவர்களுக்கு அவர்மேல் கோபம் வராது. அவரிடம் நடக்கவில்லை என்றால் 1800-11-6666, கட்டணமில்லாத தேசிய உதவி எண். சிகிச்சை முடிந்துவிட்டது, பணம் வரவில்லை என்றாலும் விட்டுவிடாமல் கேளுங்கள்.

பணத்தைத் தவிர இரண்டு விஷயம் உண்டு. ஒன்று உணவுப் பெட்டி. 2022 செப்டம்பரில் ஆரம்பித்த திட்டத்தில் நிறுவனமோ, தனிநபரோ, சங்கமோ “நிக்‌ஷய் மித்ரா” என்று பதிவு செய்து நோயாளிகளைத் தத்தெடுக்கலாம். பெரியவருக்கு மாதம் 3 கிலோ தானியம், ஒன்றரை கிலோ பருப்பு, 250 கிராம் எண்ணெய், ஒரு கிலோ பால் பவுடர் அல்லது நிலக்கடலை என்பது அரசு சொல்லும் அளவு. 2024-ல் இதை வீட்டில் உள்ளவர்களுக்கும் விரித்தார்கள். இது உரிமை இல்லை, கொடுக்க ஆள் கிடைத்தால்தான் கிடைக்கும். ஆனால் கேட்டு வைப்பதில் தப்பில்லை. பெட்டி கொடுக்கும்போது படம் எடுப்பார்கள், வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

இரண்டாவது, எடை ரொம்பக் குறைந்தவர்களுக்கு. பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்குத் தகுந்த எடை இருக்கிறதா என்று காட்டும் அளவு, 18.5-க்குக் கீழே இருந்தால் முதல் இரண்டு மாதம் கூடுதல் சத்துணவு தரவேண்டும் என்று 2024 அக்டோபரில் மத்திய அரசு அறிவித்தது. 160 செ.மீ. உயரமுள்ளவர் 47 கிலோவுக்குக் கீழே இருந்தால் இந்தக் கணக்கில் வருவார். தமிழ்நாட்டில் இதற்கும் முன்பே, 2022 ஏப்ரலில், காசநோய் இறப்பில்லாத் திட்டம் வந்துவிட்டது. டி.பி. என்று தெரிந்ததும் எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன், பிடிக்காமல் நிற்க முடிகிறதா என்ற ஐந்தையும் பார்த்து, ஆபத்தில் இருப்பவரை உடனே வார்டில் சேர்க்கவேண்டும். அதே 160 செ.மீ. ஆள் 36 கிலோவுக்குக் கீழே போயிருந்தால் வீட்டில் வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்கவே வேண்டாம். எடை எடுக்காமல் மாத்திரையை மட்டும் கொடுத்து அனுப்பினால், நீங்களே மெஷினில் ஏறி நின்று எழுதச் சொல்லுங்கள். எத்தனை மாத்திரை என்பதும் எடையை வைத்துத்தான்: 35 முதல் 49 கிலோ வரை மூன்று, 50 முதல் 64 வரை நான்கு.

விவசாயக் குடும்பத்தினர் உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை வைத்திருந்தால் தாலுகா அலுவலகத்தில் அதையும் விசாரியுங்கள், டி.பி.யால் வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு அதில் தனி உதவித்தொகை உண்டு.

இனி அந்த ஆயிரத்தை என்ன செய்வது. முதலில் என்ன செய்யக்கூடாது: மருந்துக்கடையில் டப்பா பவுடர் வாங்காதீர்கள். பலவற்றில் சர்க்கரை அதிகம், டி.பி.யோடு சுகரும் இருப்பவர்கள் நம் ஊரில் கொஞ்சமல்ல. டி.பி. நோயாளிக்கு ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும் என்பது அரசின் வழிகாட்டுதல், 50 கிலோ இருந்தால் 60 முதல் 75 கிராம். 300 கிராம் அரிசியில் 20 கிராம் போல வந்துவிடும், 100 கிராம் பருப்போ பயறோ 22, இரண்டு முட்டை 12, ஒரு கைப்பிடி நிலக்கடலை, அதாவது 50 கிராம், 12. கூட்டினால் 66. அரிசி ரேஷனில் சும்மா வருகிறது, துவரம்பருப்பு 30 ரூபாய்க்கு ஒரு கிலோ, பாமாயில் 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர். மாதம் அறுபது முட்டைக்கு நானூறு, கடலைக்கு இருநூறு சொச்சம், வெளியில் வாங்கும் பருப்பு பயறுக்கு இருநூற்றைம்பது, முந்நூறு. ஊருக்கு ஊர் விலை மாறும், இருந்தாலும் ஆயிரத்துக்குள் ஏறக்குறைய அடக்கிவிடலாம்.

முதல் இரண்டு வாரம் பசியே எடுக்காது, காலையில் மாத்திரை போட்டதும் குமட்டும். தட்டு நிறைய வைத்துவிட்டு “சாப்பிடு சாப்பிடு” என்று மிரட்டுவதில் பிரயோஜனம் இல்லை. சத்துமாவுக் கஞ்சி அரை டம்ளர், ஒரு மணி நேரம் கழித்து வேகவைத்த கடலை, அப்புறம் ஒரு முட்டை என்று பிரித்துக் கொடுங்கள். பத்தியமும் தேவையில்லை: கத்தரிக்காய் கூடாது, புளி கூடாது என்பதெல்லாம் டி.பி.க்குப் பொருந்தாது, புளிக்குழம்பில் சோறு இறங்குகிறது என்றால் புளிக்குழம்பே வையுங்கள். குடி மட்டும் கூடவே கூடாது, இந்த மாத்திரைகளோடு சேர்ந்தால் கல்லீரல் தாங்காது. தட்டையும் டம்ளரையும் தனியாக வைக்கிற வழக்கத்தையும் விடுங்கள். இது இருமலில், காற்றில் பரவும் நோய், பாத்திரத்தில் பரவாது.

நோயாளிக்கு வந்த பணத்தில் வீடே சாப்பிடுகிறது என்று சிலர் குறையாகச் சொல்வார்கள். ஒரு தாய்க்கு டி.பி. வந்தால் பிள்ளைகளுக்கு வெறும் ரசஞ்சோறு போட்டுவிட்டுத் தான் மட்டும் இரண்டு முட்டை சாப்பிடுவாள் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு நம் வீடுகளைப் பற்றித் தெரியாது. ஜார்க்கண்டில் பார்த்ததும் அதுதானே, வீட்டுக்கே பருப்பு போனபோது அடுத்தவருக்கு நோய் வருவது குறைந்தது. ஆயிரம் போதாது என்பதுதான் உண்மையான குறை, அதை அரசிடம் சொல்லவேண்டும், அந்தத் தாயிடம் இல்லை.

மாதம் ஒருமுறை எடையைச் சிகிச்சை அட்டையில் குறிக்கச் சொல்லுங்கள். இரண்டு மாதத்தில் ஒரு கிலோகூட ஏறவில்லை என்றால் டாக்டரிடம் அதைத் தனியாகச் சொல்லவேண்டும், சுகர் கட்டுக்குள் இல்லாமல் இருக்கலாம், மருந்து வேலை செய்யாமலும் இருக்கலாம். நன்றாக ஏறி 50 கிலோவைத் தாண்டினால் மாத்திரை எண்ணிக்கையை மாற்றவேண்டுமா என்று கேளுங்கள். சிகிச்சை முடிந்த பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, இரண்டு வருடம் வரை கூப்பிட்டுப் பார்ப்பார்கள். அப்போது பணம் எதுவும் வராது, இருந்தாலும் போய் எடை பார்த்துவிட்டு வாருங்கள்.