பள்ளிக்கு லீவு, ஆபீசுக்கு இல்லை: சேலத்துப் பெற்றோருக்குச் சட்டம் என்ன தருகிறது?

செப்டம்பர் கடைசியில் காலாண்டுத் தேர்வு முடிகிற அன்று மாலை சேலம் புதிய பேருந்து நிலையத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஆத்தூர் பஸ், ராசிபுரம் பஸ் எல்லாவற்றிலும் துணிப்பையும் கையுமாகப் பிள்ளைகள். அம்மாயி வீட்டுக்கு, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி வீட்டுக்குப் போகிறார்கள். சேலத்தில் விடுமுறைக் காலக் குழந்தைப் பராமரிப்புத் திட்டம் என்றால் இன்றைக்கும் அம்மாயிதான். அந்த அம்மாயியே இப்போது எங்காவது வேலைக்குப் போகிறார் என்றால்தான் சிக்கல்.

முதலில் கசப்பான விஷயத்தைச் சொல்லிவிடலாம். காலாண்டு, அரையாண்டு, கோடை விடுமுறையில் உங்கள் மூன்றாம் வகுப்புப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள முதலாளி ஏற்பாடு செய்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வேலையிடத்துக் குழந்தைக் காப்பகம் பற்றிய சட்டங்கள் 6 வயதோடு நின்றுவிடுகின்றன. 6 வயதுக்கு மேல் பள்ளி பார்த்துக்கொள்ளும் என்பது எழுதியவர்களின் கணக்கு. பள்ளிக்கும் லீவு உண்டு என்பதை அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் துண்டு துண்டாகச் சில உரிமைகள் இருக்கின்றன.

அதில் பெரியது மத்திய அரசு ஊழியர்களுக்கான குழந்தைப் பராமரிப்பு விடுப்பு. அலுவலகத்தில் சி.சி.எல். என்றால்தான் புரியும். தபால் துறை, வருமான வரி அலுவலகம், சேலம் ரயில்வே கோட்டம் போன்ற இடங்களில் வேலை பார்க்கும் பெண்களுக்கு இது உண்டு. மனைவியை இழந்த, விவாகரத்தான அல்லது திருமணமாகாத தனித் தந்தைகளுக்கும் உண்டு. மனைவியோடு வாழும் அப்பாவுக்குக் கிடையாது. மாநில அரசு ஊழியருக்கு இந்த விதி பொருந்தாது. சேலம் உருக்காலை பொதுத்துறை நிறுவனம் என்பதால் அங்கே தனி விடுப்பு விதிகள்.

மொத்தப் பணிக்காலத்துக்கும் 730 நாள். உயிரோடிருக்கும் மூத்த இரு குழந்தைகளுக்காக, அவர்களுக்கு 18 வயது ஆகும்வரை எடுக்கலாம். மாற்றுத்திறனாளிக் குழந்தை என்றால் வயது வரம்பு இல்லை. முதல் 365 நாளுக்கு முழுச் சம்பளம், அடுத்த 365 நாளுக்கு 80 சதவீதம். குழந்தைக்கு உடம்பு சரியில்லாதபோதுதான் இதைக் கேட்க முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். வளர்ப்பு, படிப்பு, நோய் போன்ற எந்தத் தேவைக்கும் எடுக்கலாம் என்பதுதான் விதி. அதனால் பள்ளி விடுமுறையில் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பதும் காரணம்தான்.

இரண்டு நிபந்தனைகளை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்கு 5 நாளுக்குக் குறையக்கூடாது. ஒரு காலண்டர் ஆண்டில் 3 தடவைக்கு மேல் கூடாது. தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்க்கு 6 தடவை. எனக்குத் தெரிந்த ஒரு பெண் காலாண்டு லீவுக்கு 3 நாள் கேட்டு எழுதிக் கொடுத்தார். விண்ணப்பம் அப்படியே திரும்பி வந்தது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. 5 நாள் என்று திருத்தியிருந்தால் போதும். அதற்குள் பள்ளியே திறந்துவிட்டது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்த 5 நாள் விதி ஒன்றும் மோசமில்லை. வாரம் 5 நாள் வேலை செய்யும் அலுவலகத்தில் திங்கள் முதல் வெள்ளி வரை எழுதினால், முன்னும் பின்னும் உள்ள சனி ஞாயிறைச் சேர்த்துக்கொள்ளலாம். கழிவது 5 நாள், வீட்டில் இருப்பது 9 நாள். ஆனால் விடுப்புக்கு நடுவில் விழும் விடுமுறைகளும் கணக்கில் போகும். காலாண்டு லீவு பெரும்பாலும் காந்தி ஜெயந்தியை ஒட்டித்தான் வரும் என்பதால், அக்டோபர் 2 நடுவில் மாட்டாமல் ஓரத்தில் வரும்படி தேதி போட்டால் ஒரு நாள் மிச்சம். கோடை, காலாண்டு, அரையாண்டு என்று பள்ளியின் பெரிய விடுமுறைகளும் வருடத்துக்கு மூன்றுதான், கவனித்தீர்களா?

இதை உரிமையாகக் கேட்டு வாங்க முடியாது. முன்கூட்டியே அனுமதி வேண்டும். பணிப்பதிவேட்டோடு இந்த விடுப்புக்கென்று தனிக் கணக்கும் இருக்கும். கடைசி வாரத்தில் ஓடாமல், பள்ளித் தேதி தெரிந்ததும் குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் நகலோடு கொடுத்துவிடுங்கள்.

சரி, தனியார் வேலை? 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடை, ஆஸ்பத்திரி, கம்பெனி என்றால் காப்பக வசதி கட்டாயம். 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு பயன் சட்டம் கொண்டுவந்தது இது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. பல நிறுவனங்கள் சேர்ந்து ஒரே காப்பகம் நடத்தலாம். தாய் ஒரு நாளைக்கு 4 முறை போய்ப் பிள்ளையைப் பார்த்து வரலாம். இந்த வசதி இருப்பதை வேலையில் சேரும்போதே எழுத்தில் சொல்ல வேண்டும். ஐந்து ரோடு பக்கம் இருக்கும் பெரிய ஜவுளிக் கடைகளில் 50 பேர் ஒரு மாடிக்கே இருப்பார்கள். உங்கள் வேலை ஆணையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள், அந்த வரி இருக்கிறதா என்று.

ஏற்காட்டில் கதை வேறு. அரையாண்டு லீவு வரும் டிசம்பர் கடைசியில்தான் மலையில் காப்பிப் பழம் பறிக்கிற மும்முரம். பழம் செடியில் காத்திருக்காது. அந்த வாரத்தில் மேஸ்திரியிடம் லீவு கேட்பது நடக்கிற காரியமில்லை. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில், 50 பெண் தொழிலாளர்கள் இருந்தாலோ அவர்களின் குழந்தைகள் 20 பேர் இருந்தாலோ எஸ்டேட் காப்பகம் வைக்க வேண்டும் என்று இருந்தது. அதன் இடத்தில் வந்த பணிப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் சட்டத் தொகுப்பில் ஆண் பெண் சேர்த்து 50 தொழிலாளர் என்பதே அளவு. ஒப்பந்ததாரர் கூட்டி வரும் ஆட்களையும் எண்ண வேண்டும். கடந்த 12 மாதத்தில் ஏதாவது ஒரு நாள் 50 பேர் இருந்திருந்தாலே போதும். பறிப்புக் காலத்தில் கீழிருந்து வண்டியில் ஏற்றி வரும் ஆட்களை எண்ணினால், சின்ன எஸ்டேட்டே 50ஐத் தாண்டிவிடும். ஆனால் 20 குழந்தைகள் என்ற பழைய வழி புதியதில் காணோம். பெண்கள் குறைவாகவும் பிள்ளைகள் அதிகமாகவும் உள்ள தோட்டங்களுக்கு இது நஷ்டம் என்பது என் கருத்து.

அப்படியே காப்பகம் இருந்தாலும் 4 வயதுத் தங்கை உள்ளே, 8 வயது அண்ணன் வெளியே. எடைக்குக் கூலி தரும் இடத்தில் அவன் கையும் கூடையை நோக்கிப் போகும். இங்கேதான் குழந்தைத் தொழிலாளர் சட்டம் குறுக்கே நிற்கிறது. 14 வயதுக்கு உட்பட்டவரை எந்த வேலையிலும் வைக்கக் கூடாது. வைத்தால் முதலாளிக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது ரூ.20,000 முதல் ரூ.50,000 வரை அபராதம், சில சமயம் இரண்டும். 2016 திருத்தம் ஒரு விலக்கு கொடுத்தது: பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும், ஆபத்தில்லாத சொந்தக் குடும்பத் தொழிலில் பிள்ளை ஒத்தாசை செய்யலாம். விடுமுறையில் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்று பேசாத சட்டம், விடுமுறையில் அவன் என்ன வேலை செய்யலாம் என்று மட்டும் பேசுகிறது. இளம்பிள்ளை, கொண்டலாம்பட்டி போன்ற நெசவு ஊர்களில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது, நெசவும் சாயமும் ஆபத்துப் பட்டியலில் வருகின்றன. வீட்டுத் தறி என்றாலும் விலக்கு இல்லை. குடும்பம் என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கத்தில் பெற்றோர், உடன்பிறந்தோர், அவர்களோடு மாமா, சித்தி, அத்தை, பெரியப்பா எல்லாரும் வருகிறார்கள். தாத்தா பாட்டி இல்லை. அம்மாயி சட்டப்படி குடும்பமே இல்லை!

கூலி வேலைக்குப் போகும் வீடுகளுக்கு விடுமுறையின் இன்னொரு பாரம் சாப்பாடு. அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு 2022இல் தொடங்கிய காலை உணவும், மதியச் சத்துணவும் பள்ளி நடக்கும் நாளில்தான். பள்ளிச் சத்துணவு வருடத்துக்கு 220 நாள், அங்கன்வாடியில் 300 நாள் என்பது கணக்கு. ஆகவே பள்ளிக்கு லீவு விட்டாலும் சின்னப் பிள்ளைக்கு அங்கன்வாடி பெரும்பாலும் திறந்திருக்கும். மே மாதத்தில் அதற்கும் சில நாள் லீவு உண்டு. ஏப்ரலிலேயே அங்கன்வாடி டீச்சரிடம் தேதி கேட்டுக்கொள்ளுங்கள். மத்திய அரசின் பால்னா திட்டத்தில் சில அங்கன்வாடிகள் காப்பகமாகவும் இயங்குகின்றன. 6 மாதம் முதல் 6 வயது வரை, மாதம் 26 நாள், நாளுக்கு ஏழரை மணி நேரம். உங்கள் பகுதியில் அப்படி ஒன்று உண்டா என்பதைக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலகத்தில் கேட்கலாம்.

பெரிய பிள்ளைகளுக்குக் கோடையில் மகாத்மா காந்தி விளையாட்டரங்கில் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பயிற்சி முகாம் நடக்கும். நல்ல முகாம், ஆனால் காலையும் மாலையும் சில மணி நேரம்தான். வேலைக்குப் போகிறவருக்கு வேண்டியது நடுவில் உள்ள பகல். அந்தப் பகலுக்கு நான் பார்த்ததில் ஓடுகிற ஒரே ஏற்பாடு, ஒரே தெருவில் மூன்று வீடு சேர்ந்து, ஆளுக்கொரு வாரம் லீவு எடுத்து எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வது. மூவரில் ஒருவருக்கு சி.சி.எல். இருந்தால் 5 நாள் வாரம் அவருடையது.

அப்புறம், காப்பகம் வைக்க வேண்டிய இடத்தில் வைக்கவில்லை என்றால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் கொடுக்கலாம். மனுவில் நிறுவனத்தின் முகவரி, நேரடி ஆட்கள் எத்தனை, ஒப்பந்த ஆட்கள் எத்தனை, 6 வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை என்று எண்ணிக்கையாக எழுதுங்கள். ஒருவர் பெயரில் கொடுக்கப் பயமாக இருந்தால் நாலைந்து பேர் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள். ஒப்புகைச் சீட்டை வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள்.