குஷன் எப்படி சுவிட்ச் ஆகிறது?

சோபாவில் கிடக்கும் குஷனின் ஓரத்தில் கையை வைத்தால் அறை விளக்கு எரிகிறது. பட்டன் இல்லை, ஒயர் இல்லை, பார்த்தால் பூவேலை செய்த சாதாரண உறைதான். அந்தப் பூவில் ஓடும் நூல்தான் சுவிட்ச்.

அது மின்சாரத்தைக் கடத்தும் நூல். ஒரு வகையில் நைலான் இழைமேல் வெள்ளியை மெல்லிசாகப் படிய வைத்திருப்பார்கள். இன்னொரு வகை, தலைமுடியைவிடச் சன்னமான துருப்பிடிக்காத எஃகு இழைகளைச் சேர்த்து முறுக்கியது. ஜரிகையைப் பார்த்தவர்களுக்கு இது பெரிய புதுமையாகத் தோன்றாது, ஏனென்றால் நூலைச் சுற்றி உலோகம் என்பதுதானே ஜரிகை. 1990களின் இறுதியில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் துணியிலேயே கீபோர்டு செய்தபோது எடுத்துக்கொண்டதும் இப்படி உலோகம் சுற்றிய பட்டுத் துணியைத்தான்.

சரி, தொட்டது குஷனுக்கு எப்படித் தெரிகிறது? நம் உடம்பில் நீரும் உப்பும் இருப்பதால் அதுவும் ஒரு கடத்திதான். விரல் ஒரு பக்கம், நூல் ஒரு பக்கம், நடுவே மின்சாரம் கடத்தாத ஒரு சன்னத் துணி. இரண்டு கடத்திகள் ஒன்றையொன்று தொடாமல் இப்படி நெருங்கி நின்றால் அங்கே ஒரு மின்தேக்கி உருவாகிவிடுகிறது, அதாவது கொஞ்சம் மின்னேற்றம் தேங்குகிற இடம். உள்ளே இருக்கும் சிப் அந்த நூலுக்கு மின்னேற்றம் கொடுத்து, நிரம்ப எவ்வளவு நேரமாகிறது என்று ஒரு நொடிக்குள் பலமுறை அளந்துகொண்டே இருக்கும். குடம் பெரிதானால் நிரம்ப நேரமாகும் இல்லையா, அதேதான்: விரல் வந்ததும் நேரம் கொஞ்சம் கூடுகிறது, சிப் அதைப் பிடித்துக்கொள்கிறது. மின்தேக்கியின் கொள்ளளவை ஃபாரட் என்ற அலகில் அளப்பார்கள். விரலால் கூடும் கொள்ளளவு சில பிக்கோஃபாரட்தான், ஒரு பிக்கோஃபாரட் என்பது ஒரு ஃபாரட்டில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. இவ்வளவு சின்ன மாற்றத்தை அளக்கும்போது மழைக்கால ஈரமும் கணக்கைக் கலைக்கும், யாராவது குஷன்மேல் சாய்ந்தாலும் கலைக்கும். அதனால் நல்ல சிப் மெதுவாக ஏறி இறங்கும் மாற்றத்தைக் கண்டுகொள்ளாமல், சட்டென்று வரும் மாற்றத்தை மட்டும் தொடுகை என்று எடுத்துக்கொள்ளும்.

இதுவரை எல்லாம் சுலபம். என்னைக் கேட்டால், உண்மையான சவால் மெத்தென்ற நூலும் விறைப்பான சர்க்யூட் பலகையும் சேருகிற இடத்தில்தான் இருக்கிறது. நானே ஒரு உறையில் வெள்ளி நூலைத் தைத்து, அதன் நுனியைப் பலகையில் சால்டரிங் செய்து ஒட்டப் போனேன். சூடு பட்டதும் நைலான் சுருங்கி உருகியே போனது. நைலான் 220 முதல் 260 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும், சால்டரிங் கோலின் முனையோ பெரும்பாலும் 300-க்கு மேல். அப்புறம் முடிச்சுப் போட்டு இறுக்கினேன். விளக்கு தானாகவே எரிவதும் அணைவதுமாக இருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், நூல்நுனி பிசிறி, அதில் ஒரு இழை பக்கத்து நூலில் உரசிக்கொண்டிருந்தது! நுனியில் ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்ததும் அடங்கியது.

இந்த வேலைக்கு மிகப் பொருத்தமானது சட்டையில் தைக்கிற பிரஸ் பட்டன். அது உலோகம், துணியில் தைக்கலாம், நினைத்தபோது கழற்றலாம். ஈசிஜி எடுக்கும்போது நெஞ்சில் ஒட்டும் வில்லையிலும் ஒயரை மாட்டுவது இதே மாதிரி பட்டனில்தான். சிப்பும் பேட்டரியும் உள்ள சின்னப் பெட்டியைப் பட்டனிலிருந்து கழற்றிவிட்டால் உறையைத் துவைக்கலாம். ஆனால் ப்ளீச் கூடாது. காற்றில் உள்ள கந்தகம் பட்டும் வெள்ளி கறுக்கும், துவைக்கத் துவைக்கப் பூச்சு தேய்ந்து மின்தடை ஏறும். எஃகு நூல் இதையெல்லாம் தாங்கும், ஆனால் விறைப்பானது, தையல் மெஷினில் ஓட்டுவது கஷ்டம்.

மின்தடை மாறுவது எப்போதும் குறையில்லை, அதையே வேலைக்கு எடுத்துக்கொள்ளவும் முடியும். கடத்தும் நூலை நெய்யாமல் பின்னினால் கண்ணிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும், துணியை இழுத்தால் தொடும் இடங்கள் மாறி மின்தடையும் மாறும். படுத்திருப்பவரின் மார்பைச் சுற்றி இப்படிப் பின்னிய ஒரு பட்டை இருந்தால், மூச்சை இழுக்கும்போது அது விரியும், விடும்போது சுருங்கும். அந்த ஏற்ற இறக்கங்களை எண்ணினாலே நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று வந்துவிடும், உடம்பில் ஒரு ஒயரும் ஒட்டாமல்.